உங்களுக்குத் தெரியுமா? டவுன்லோடு செய்த பாட்டு உங்களுடையதல்ல!

மயிலாப்பூர் கிரி டிரேடிங்கில் அந்தக் காலத்தில் வாங்கிய கச்சேரி சி.டி., கீறல் விழாமல் இருந்தால் இன்றும் பாடும். செல்போன் செயலியில் சந்தா கட்டி டவுன்லோடு செய்த கச்சேரி அப்படியல்ல. சந்தா முடிந்தால் அதுவும் வாய்மூடும். கோப்பு போனுக்குள் கிடந்தாலும், அது மறையாக்கம் செய்யப்பட்டது. செயலி சாவி கொடுத்தால்தான் திறக்கும். ஸ்பாட்டிஃபையில் சந்தா இருந்தாலும் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டியாக வேண்டும். செயலியே காணாமல் போவதும் உண்டு: 2024-இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலியையே மூடிவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை ஃபிளிப்கார்ட்டின் 'ஃப்ளைட்'. 2012-இல் தொடங்கிய அந்த இணையக் கடை, பூட்டில்லாத எம்.பி.3 பாட்டுகளை விற்றது. மறு வருடமே கடைக்கு மூடுவிழா. ஆனால் இறக்கி வைத்த பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பென்டிரைவில் ஏற்றி, அடையாறு சிக்னலில் நிற்கும்போது காரில் இன்றும் கேட்கலாம்.

செயலி போட்ட மறையாக்கப் பூட்டை உடைத்தால்? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அளவுக்குத் தாராளம் காட்டவில்லை. இந்த விஷயத்தில் நம் சட்டம் கெட்டிக்காரச் சட்டம்தான்!

மார்கழி சீசனில் கச்சேரிப் பதிவு வாங்குகிறீர்களா? "ஃபைல் கைக்கு வருமா, செயலிக்குள் மட்டும்தான் கேட்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.