தடி கையில் இருந்தும் ஏன் விழுந்தார்?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போனபோது ஊக்குநர் வரவில்லை. விசாரித்தால், அவர் மாமியார் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். "கையில தடி வச்சிருந்தாங்களே மேடம், அப்புறம் எப்படி விழுந்தாங்க?" என்று ஒரு அக்கா கேட்டார்.

ஊக்குநர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தத் தடி காலமான மாமனாருடையது. அவர் நல்ல உயரம், பாட்டி குள்ளம். தடியின் அடியில் ரப்பர் இல்லை. பாட்டிக்கு வலி வலது முழங்காலில். தடியையும் வலது கையில்தான் பிடிப்பாராம். நம்மில் பல வீடுகளில் இதே கதைதான். தடி இருந்தால் மட்டும் போதாது, அது அவருக்குப் பொருந்த வேண்டும்.

அளவு பார்ப்பது எப்படி?

வழக்கமாகப் போடும் செருப்போடு, முடிந்தவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிடட்டும். மணிக்கட்டு ரேகை உயரத்தில் தடியின் பிடி இருந்தால் சரியான அளவு. பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். தடி உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும். குட்டையானால் ஆள் குனிந்துவிடுவார். மரத்தடியை அடியில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அளவாக்கி, ரப்பர் மாட்டலாம். ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள்.

எந்தக் கையில் பிடிப்பது?

வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். வலது கால் வலித்தால் தடி இடது கையில். தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போகணும், பிறகு நல்ல கால். அப்போதுதான் உடம்பின் பாரத்தைத் தடியும் காலும் பகிர்ந்துகொள்ளும்.

படியில் இதை மனப்பாடம் செய்யுங்கள்: ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் தடியும் வலிக்கிற காலும்.

வாக்கர் வைத்திருந்தால்

இதற்கும் மணிக்கட்டு அளவுதான். நான்கு காலும் தரையில் பதிந்த பிறகே அடி எடுத்து வைக்கணும். கட்டிலிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கவிழ்ந்துவிடும். கட்டிலில் கையூன்றி எழுந்து, பிறகு வாக்கரைப் பிடிக்கட்டும்.

நாம் துணைக்குப் போகும்போது

பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். ஒரு கை அவர் இடுப்பில் இருக்கட்டும். பக்கவாதம் வந்தவரின் செயலற்ற கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். தலைசுற்றல் என்றால் உடனே உட்கார வையுங்கள். விழப்போனால் தூக்கி நிறுத்தப் பார்க்காமல், உடம்போடு அணைத்து மெதுவாகத் தரையில் இறக்குங்கள். இல்லையென்றால் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள்.

பாட்டி விழுந்தது ராத்திரி, பாத்ரூம் போகும் வழியில். அந்த வழியில் ஈரம், மடங்கிய சாக்கு, சுருண்ட பாய் எதுவும் வேண்டாம். ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

ஆபரேஷன் ஆனவர், எலும்பு முறிந்தவர் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் சேர்க்கப்பட்டது. நம் குழுப் பெண்கள் பலரும் அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒரு தடியை எடுத்து, அதை ஊன்றுகிறவரின் மணிக்கட்டோடு வைத்து அளந்து பாருங்கள். செலவே இல்லாத வேலை. ஒரு எலும்பு முறிவைத் தடுத்தால் அதுவும் நமக்குச் சேமிப்புதானே?