முயலுக்குக் கல்யாண வயது எது?

“ரெண்டுமே பொண்ணுதான், கவலைப்படாதீங்க” என்று கடைக்காரர் கொடுத்தனுப்பிய ஜோடி, நாலு மாதம் கழித்து ஒரு காலையில் ஐந்தாறு குட்டிகளோடு நிற்கும். முயல் வளர்க்கும் வீடுகளில் புதிய கதை இல்லை இது. கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. இனப்பெருக்க உறுப்பை மெல்ல அழுத்திப் பார்த்தால் ஆணுக்கு வட்டமான முனையும் பெண்ணுக்கு நீளவாக்கில் ஒரு பிளவும் தெரியும். ஆனால் எட்டு வாரக் குட்டியில் இந்த வேறுபாடு அவ்வளவு சன்னம். பழகிய கையே சில நேரம் தவறிவிடும்.

பருவம் வேறு, பக்குவம் வேறு

சிறிய இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நடுத்தர இனங்களுக்கு நான்கைந்து மாதம். பெரிய இனங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அந்த வயதில் சினை பிடிக்கும் என்பதற்காக இணை சேர்க்க வேண்டும் என்றில்லை. தானே வளர்ந்து முடியாத தாய்க்குப் பிரசவமும் பால் கொடுப்பதும் பெரும் சுமை.

இதில் பண்ணைக்காரர்களின் வழக்கம் நல்ல பாடம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களுக்கு, மாதக் கணக்கோடு எடைக் கணக்கும் உண்டு. பொதுவாக ஐந்தாறு மாதம் முடிந்து, இரண்டரை கிலோவை ஒட்டி வந்த பிறகுதான் இணை சேர்ப்பு. அப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள். மாற்றிச் செய்தால், தன் இடத்துக்குள் வந்தவனைப் பெண் முயல் கடித்து விரட்டும்.

நாயைப் போல முயலுக்குப் பருவகாலம் பார்த்துக் காத்திருக்க வேலையில்லை. இணை சேர்ந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும். 30 முதல் 32 நாளில் பிரசவம். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் கூடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே ஆணைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். பிறக்கும் குட்டிகளை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இல்லாத வீட்டில் இணை சேர்ப்பதே தேவையில்லாத வேலை.

கருத்தடைக்கு ஏற்ற மாதம்

ஆண் முயலுக்கு மூன்று மாதத்தை ஒட்டி விரைகள் இறங்கும். நான்காம் மாதத்திலிருந்து அறுவை செய்யலாம். செய்து முடித்த அன்றே கவலை விட்டது என்று பெண்ணோடு விட்டுவிடக் கூடாது. உள்ளே தங்கிய விந்தணுக்களால் நாலு முதல் ஆறு வாரம் வரை சினை பிடிக்க வாய்ப்புண்டு.

பெண்ணுக்கு ஐந்தாறு மாதம் பொருத்தமான வயது. அதற்கு முன்பு கருப்பை மிகச் சிறிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுற்றிலும் கொழுப்பு சேர்ந்து அறுவை கடினமாகும்.

தனியாக வளரும் பெண் முயலுக்கு எதற்கு அறுவை என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் கருப்பைப் புற்றுநோய். கருத்தடை செய்யாத, நான்கு வயது கடந்த பெண் முயல்களில் சில இனங்களில் 50 முதல் 80 சதவீதம் வரை இந்நோய் பதிவாகியிருக்கிறது. முயலின் சிறுநீர் தீவன நிறமிகளாலும் சிவக்கும் என்பதால், இந்நோயின் அறிகுறியாகச் சிறுநீரோடு வரும் ரத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிவப்பு முழுதும் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் நிறமி. சிறுநீரோடு கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிவிடும்.

அறுவை நாளில்

மயக்க மருந்து முயலுக்கு ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். நோயுற்ற முயல்களையும் சேர்த்த கணக்கு இது. நலமான இளம் முயலுக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரைத் தேடிப் போவது முக்கியம்.

நாய்க்குச் சொல்வதுபோல முந்தின இரவே பட்டினி போடுவது தவறு. முயலுக்கு வாந்தி வராது. வயிறு காலியாக இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். வழக்கமாகத் தின்னும் புல்லையும் முயல்மசால் தழையையும் பையில் போட்டு மருத்துவமனைக்கே எடுத்துப் போவது நல்லது. விழித்த சில மணி நேரத்தில் தின்னத் தொடங்க வேண்டும். மறுநாள் காலைவரை ஒரு புழுக்கைகூட விழாவிட்டால் அவசரம் என்று பொருள். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: முயல் தன் மென்புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேராகத் தின்று சத்தை மீட்டுக்கொள்ளும் பிராணி, கூம்பு அதற்குத் தடையாகிவிடும்.