மெதுவாகப் பறக்கத் தெரிந்த விமானம்

லோதி காலனி, கித்வாய் நகர், சரோஜினி நகர் பகுதிகளில் முன்பு குடியிருந்த நம்மவர்களுக்கு சஃப்தர்ஜங் விமானத் திடல் நினைவிருக்கும். மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருக்க, தலைக்கு மேலே ஃபிளையிங் கிளப்பின் குட்டி விமானங்கள் சுற்றி வரும். ஸ்கூட்டருக்கு இறக்கை முளைத்துவிட்டதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஜம்போ ஜெட்டால் ஆகாத காரியத்தை நம் நாட்டின் சில மலை மூலைகளில் சிறு விமானங்கள்தாம் செய்து வந்திருக்கின்றன.

இதற்குச் சான்று நம் தில்லியிலேயே, பாலம் விமானத் தளத்தில் இருக்கிறது. (பாலம் என்று தமிழில் எழுதினால் ஆற்றுப் பாலம் போலத் தொனிக்கிறது. இந்தக் கதைக்கு அதுவும் பொருத்தமே.) இந்திய விமானப் படையின் 41-ஆவது ஸ்குவாட்ரன் 1958-இல் அங்கே அமைக்கப்பட்டது. அதற்குக் கொடுக்கப்பட்ட விமானம் கனடாவின் டி ஹாவிலண்ட் கம்பெனி தயாரித்த 'ஆட்டர்'. ஒரே இன்ஜின், 600 குதிரை சக்தி, பத்துப் பேர் உட்காரலாம். ஆட்டர் என்றால் நீர்நாய். விமானம் மாறி இன்று டார்னியர் ஓட்டினாலும் அந்த ஸ்குவாட்ரனின் பெயர் 'ஆட்டர்ஸ்'தான்.

ஜெட் யுகம் பிறந்துவிட்ட காலத்தில் இந்த மெதுவான விமானத்தை ஏன் வாங்கினார்கள்? வடகிழக்கு எல்லையில், அன்று நேஃபா என்று அழைக்கப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், சாலையே கிடையாது. பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றங்கரையில் கிடைக்கும் சமதளத் துண்டுதான் ரன்வே. 1962 போரின்போது வாலாங் திடலில் இறங்க முடிந்தவை ஆட்டரும் அதன் பெரிய தம்பியான காரிபூவும்தான். அங்கிருந்த ஜவானுக்கு அரிசியும் குண்டும் வந்ததும், காயம் பட்டவன் வெளியே போனதும் இவற்றில்தான்.

ஆட்டருக்கு அண்ணன் ஒன்று உண்டு: 1947-இல் பறந்த 'பீவர்'. இதை வடிவமைக்கும் முன் கம்பெனிக்காரர்கள் கனடாவின் காட்டுப் பகுதிகளில் விமானம் ஓட்டும் பைலட்டுகளிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கதவை பெட்ரோல் டிரம்மை உருட்டி ஏற்றும் அகலத்துக்கு வைத்தார்கள். பனிக் குளிரில் வெளியே நிற்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்ஜினுக்கு ஆயில் ஊற்ற வழி செய்தார்கள். உபயோகிப்பவனைக் கேட்டுச் செய்த பொருள் நிலைக்கும் போலிருக்கிறது. பீவர்கள் இன்றும் பறக்கின்றன.

மலைப் பகுதிக்கு விமானம் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு மெதுவாகப் பறக்கும்?' என்பதுதான். காரணம் சாதாரணக் கணக்கு. தரையில் இறங்கும்போது வேகம் இரண்டு மடங்கானால், நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். ஆட்டர் மணிக்கு 100 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்திலும் கீழே விழாமல் மிதக்கும். கடல் மட்டத்தில் சுமார் 200 மீட்டர் ஓடினாலே எழும்பிவிடும்.

பள்ளத்தாக்கில் திரும்புவதற்கும் இதே கணக்குதான். மணிக்கு 160 கிலோமீட்டரில் போகிற விமானத்தை 30 டிகிரி சாய்த்து வந்த வழியே திருப்ப ஏறக்குறைய 700 மீட்டர் அகலம் வேண்டும். 320 கிலோமீட்டரில் போனால் 2.8 கிலோமீட்டர் வேண்டும். பள்ளத்தாக்கு அவ்வளவு அகலம் இல்லையென்றால் எதிரே மலைதான். அதனால்தான் அனுபவசாலி பைலட் பள்ளத்தாக்கின் நடுவே போகமாட்டார். ஒரு பக்கச் சரிவை ஒட்டியே போவார். மேகம் வழி மறித்தால் திரும்ப முழு அகலமும் மிச்சம் இருக்கும்.

இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதும் அழகுக்காக அல்ல. புதரும் கல்லும் அதில் இடிக்காது. இன்ஜின் ஒன்றா, இரண்டா என்பதில்தான் வாதம் முடிவதில்லை. ஒன்று என்றால் எளிது, பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் நின்றுவிட்டால் கதி? இரண்டு நல்லதுதான். ஆனால் உயரமான இடத்தில், முழுச் சுமையோடு, மீதி ஒன்று உயரத்தைக் காப்பாற்றும் என்று எப்போதும் சொல்ல முடியாது. எரிபொருளையும் பார்க்க வேண்டும். பழைய பிஸ்டன் இன்ஜின் குடிக்கும் ஏவ்காஸ் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஜெட் எரிபொருள் பரவலாகக் கிடைக்கும். கான்பூரில் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரிக்கும் டார்னியர் 228, இரட்டை டர்போபிராப் இன்ஜினும் 19 இருக்கையுமாக ஆட்டரின் இடத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

இனி வெயில். பாலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 777 அடி உயரத்தில் இருக்கிறது. மே மாத மத்தியானம் 45 டிகிரி அடிக்கும்போது காற்று சூட்டில் விரிந்து மெலிந்துவிடும். அப்போது விமானத்தைப் பொறுத்தவரை அந்த ரன்வே 4,500 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். நாம் இங்கே கூலரைத் தேடும்போது, விமானம் கிட்டத்தட்ட ஏற்காட்டில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது! அங்குள்ள குளிர்ச்சிதான் இல்லை. 10,682 அடி உயரத்து லே ஊரில் கேட்கவே வேண்டாம். தில்லியிலிருந்து லே போகும் விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் கிளம்புவதற்கு இதுவும், பகல் ஏற ஏறப் பலக்கும் மலைக் காற்றுமே காரணங்கள்.

சில மலைத் திடல்கள் ஒருவழிப் பாதை. நேபாளத்தின் லுக்லாவில் ரன்வே 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி எழும்ப வேண்டும். மேட்டின் முடிவில் மலைச் சுவர். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் 'இன்னொரு தடவை சுற்றி வருகிறேன்' என்பதற்கு இடமே இல்லை. ஆகவே இறங்குவதா, திரும்பிப் போவதா என்பதை பைலட் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். வழியில் மேகம் கூடுகிறது, காற்று மாறுகிறது என்று பட்டால், எதிர்பார்த்திருக்கும் ஐம்பது பேர் ஏமாந்தாலும் திரும்பத்தான் வேண்டும்.

அப்படி எதிர்பார்த்திருப்பவர்களின் பாடு நமக்கு எளிதில் விளங்காது. அருணாசலத்தின் சாங்லாங் மாவட்டத்தில் விஜயநகர் என்று ஓர் ஊர். ஓய்வு பெற்ற அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர்களின் குடும்பங்களைக் குடியமர்த்திய இடம். மியாவோ என்ற ஊரிலிருந்து 157 கிலோமீட்டர் காட்டு வழி. நடந்தால் நாள் கணக்காகும். உப்பு வந்ததும், நோயாளி போனதும் விமானத்தை நம்பியே. அங்குள்ள திடல் புதுப்பிக்கப்பட்டு 2019 செப்டம்பரில் விமானப் படையின் ஏ.என்.-32 இறங்கியபோது ஊரே திரண்டு வந்ததில் என்ன ஆச்சரியம்!

பொதுமக்களுக்கான சேவையும் ஆரம்பிக்கப்பட்டது, நின்றது, மறுபடி வந்தது. வடகிழக்குக்கென்றே 1981-இல் தொடங்கிய வாயுதூத், டார்னியர் விமானங்களையும் ஓட்டி, 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைந்தது. பிறகு 2022 ஏப்ரல் 12 அன்று திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்கு அலையன்ஸ் ஏர், எச்.ஏ.எல். தயாரித்த 17 இருக்கை டார்னியரை விட்டது.

நம் பிள்ளைகள், மாப்பிள்ளைகள் பலருக்கு அந்தப் பக்கம் போஸ்டிங் கிடைக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு விமானத்தில் பெட்டியோடு உங்களையும் தராசில் ஏற்றினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இருக்கை காலியாக இருந்தும் 'இடமில்லை' என்றால், வெயிலும் உயரமும் தின்றுவிட்ட எடை அது. ஊறுகாய் பாட்டில்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். தில்லிக்குத் திரும்பும் டிக்கெட்டை அதே நாளில் எடுக்காமல் நடுவில் இரண்டு நாள் விட்டு எடுங்கள்.