அழித்த பெயர் அழியவில்லை

2016ஆம் ஆண்டு, நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்பதற்காக மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் 11 பேர் கொண்ட செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. அப்போது நாமும் ஒரு மகஜர் எழுதினோம். 1977 வன்செயலின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மறுபடியும் உறவினரின் லயத்துக்கே திரும்பி வந்த பெண்கள் சொன்னவைதாம் அதில் இருந்தன. பெயர் வெளியே வராது என்று நான் உறுதி கொடுத்த பிறகே பலர் வாய் திறந்தார்கள்.

கிளிநொச்சியில் ஒருவர், தலவாக்கலையில் ஒருவர், ஹட்டனில் நான். ஒரே பைலை மின்னஞ்சலில் மாறி மாறி அனுப்பித் திருத்தினோம். கடைசியில் பெயர்களையெல்லாம் நானே அழித்துவிட்டு, அச்செடுக்க ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்த தங்கச்சி பைலைத் திறந்துவிட்டு, “அக்கா, இந்தப் பேரெல்லாம் பிரிண்ட்ல வரணுமா?” என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். நான் அழித்த அத்தனை பெயரும் நடுவே சிவப்புக் கோட்டுடன் அப்படியே நின்றன.

எங்களில் யாரோ ‘ட்ராக் சேஞ்சஸ்’ வசதியைப் போட்டிருக்கிறோம். அது இயங்கும்போது அழிப்பது அழிவதில்லை. அழித்ததாகக் குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். என் கணனியில் ‘நோ மார்க்கப்’ என்று இருந்தபடியால் கோடுகள் எனக்குத் தெரியவில்லை. மறைப்பது வேறு, நீக்குவது வேறு. படித்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. லெபனானின் முன்னாள் பிரதமர் ரபீக் ஹரீரி கொலை பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை 2005 ஒக்டோபரில் வேர்ட் பைலாக வெளிவந்தபோது, கடைசி நேரத்தில் நீக்கிய சிரியப் பிரமுகர்களின் பெயர்களைப் பத்திரிகையாளர்கள் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. முதலில் பைலுக்கு ஒரு பிரதி எடுங்கள். ‘ரிவியூ’ பகுதியில் ‘அக்செப்ட்’ என்பதன் கீழுள்ள அம்புக்குறியை அழுத்தி எல்லா மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓரத்துக் குறிப்புகள் இதனால் போகாது, அவற்றைத் தனியே அழிக்க வேண்டும். பிறகு ‘பைல்’, ‘இன்போ’, ‘இன்ஸ்பெக்ட் டொக்யுமென்ட்’ வழியாக ஒருமுறை சோதியுங்கள். யார் திருத்தியது என்ற விபரமும் அங்கே அகப்படும். வெளியாருக்கு அனுப்புவதைப் பீடிஎப் ஆக்கி அனுப்புங்கள். மின்னஞ்சலில் கிடக்கும் பழைய பிரதிகளை மறந்துவிடாதீர்கள். நான் மற்ற இருவருக்கும் உடனே போன் எடுத்து அழிக்கச் சொன்னேன்.

அன்று இன்னொரு சிக்கலும் இருந்தது. மாற்றங்களை ஏற்றதும் இரண்டு பந்திகள் மறைந்து, இலக்கங்கள் தாமாகவே மேலேறின. காணாமல்போன மகனைப் பற்றி ஓர் அம்மா சொன்னது 11இலிருந்து 9 ஆனது. ஆனால் முன்பக்கத்தில் “11ஆம் பந்தியைப் பார்க்க” என்று கையால் அடித்தது மாறவில்லை. அது இப்போது வேறொருவரின் காணிப் பிரச்சினையைக் காட்டியது. ‘கிராஸ் ரெபரன்ஸ்’ மூலம் எண்ணைச் செருகியிருந்தால், கொன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து எப்9 அழுத்த, அதுவும் மாறியிருக்கும். உட்பிரிவுகளின் ஏ, பி, சி எழுத்துகளோ பாமினி எழுத்துருவில் ய, டி, உ என்று நின்றன! அவற்றை ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினோம்.

எல்லாம் முடிய மாலை ஆறு மணி. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அந்தத் தங்கச்சி அச்சடித்த பக்கங்களுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.