'டர்ன் அப்' என்னும் வருகை

வருதலைக் குறிக்க ஆங்கிலத்தில் 'அரைவ்' என்னும் ஒழுங்கான வினை இருக்க, பேச்சிலே பெரிதும் வழங்குவது 'டர்ன் அப்' என்பதாகும். 'டர்ன்' என்றால் திரும்புதல். 'அப்' என்றால் மேலே. இரண்டையும் கூட்டிப் பொருள் காண முயல்வோர் ஏமாற்றமே அடைவர். நம் மொழியில் 'கைவிடு' என்பதில் கையைத் தேடுவது போன்றதே அது.

'அரைவ்' சேருமிடத்தை நோக்கிய சொல். புகைவண்டி நானுஓயாவை வந்தடைந்தது என்பதற்கு அதுவே பொருந்தும். 'டர்ன் அப்' என்பதிலோ, வருவாரோ மாட்டாரோ என்னும் ஐயம் உள்ளூர நிற்கிறது. அழையாத விருந்தினர் வாயிலில் வந்து நிற்பதும், காணாமற்போன சாவி அரிசிப் பானைக்குள் அகப்படுவதும் இச்சொல்லாலேயே கூறப்படும். 1849-50-இல் வெளிவந்த டிக்கின்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நவீனத்தில், மிக்காபர் என்பவர் கடன் கழுத்தை நெரிக்கும் போதும் ஏதேனும் ஒன்று 'டர்ன் அப்' ஆகும் என்றே காத்திருப்பார். நேயர்கள் வானொலியின் ஒலியைக் கூட்டுவதற்கும் இதே சொல்தான். அது வேறு பொருள்.

வலப்பனை, ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குத் தனிக் கனம் உண்டு. காலையில் ஆட்கள் கூடுமிடம் பெரட்டுக்களம். 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லே மலையகத்து நாவில் பெரட்டு ஆயிற்று. வந்தோர் பெயர் செக்ரோலில் ஏறும். அன்றைய கூலியும் அதனோடு ஏறும். இவ்வாறு வந்தோர் தொகைக்கு 'டர்ன் அவுட்' என்று பெயர். ஒருவர் வந்தாரா என்பது 'டர்ன் அப்'. எத்தனை பேர் திரண்டனர் என்பது 'டர்ன் அவுட்'.

எதிர்மறையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'டிட் நாட் டர்ன் அப்' என்றால், எதிர்பார்த்திருக்க வராமற்போனார் என்னும் குறை தொனிக்கும். காய்ச்சலோடு லயத்தில் கிடந்தவரைப் பற்றி அவ்வாறு எழுதுவது நேர்மையன்று; 'வாஸ் அனேபிள் டு கம்', அதாவது வர இயலவில்லை என்பதே முறை. இதை வெறும் இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிடலாகாது. இலங்கையில் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி, தக்க காரணமின்றி வேலைக்கு வாராதிருத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. 1921-இல் வந்த சட்டத்தாலேயே அக்கொடுமை நீங்கிற்று. வராதவனுக்கும் வர இயலாதவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்நாளில் சிறைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம்.

இன்னொன்று. இது பேச்சு வழக்குக்குரிய தொடர். தோட்டத்து அலுவலகத்திற்குக் கடிதம் எழுதும் இளைஞர்கள், தாம் வேலைக்கு வந்ததைக் குறிக்க 'ரிப்போர்ட்டட் ஃபார் வொர்க்' என்றெழுதுதல் நலம். 'டர்ன்ட் அப்' என்பதை நண்பருக்கு எழுதும் கடிதத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.