குழாயில் வெந்நீர், ஹீட்டரில் பச்சைத் தண்ணீர்

அக்னி நட்சத்திர மதியத்தில் கை கழுவப் போனால் குழாய்த் தண்ணீர் சுடுகிறது. மார்கழிக் காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், வெதுவெதுப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நாம் உடனே ப்ளம்பரைத்தான் கூப்பிடுகிறோம். அவர் வருவதற்குள் ஒரு வாளியை வைத்துக்கொண்டே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தொட்டியிலிருந்து உங்கள் கைக்கு வரும் வழியில் எந்த இடத்தில் சூடு ஏறுகிறது, எந்த இடத்தில் போகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் கோடைச் சூடு. மதியம் குழாயைத் திறந்து ஒரு வாளி முழுக்கப் பிடியுங்கள். ஒரு அங்குலக் குழாயில் மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். அரை அங்குலக் குழாயில் 180 மில்லி அளவுதான். மொட்டைமாடியில் 10 மீட்டர் தூரம் குழாய் ஓடினாலும் அதில் நிற்பது 5 லிட்டர். ஆகவே வாளி நிறைவதற்குள் சூடு தணிந்தால் வெயிலில் கிடக்கும் குழாய்தான் காரணம். நிறைந்த பிறகும் சுட்டால் தொட்டியே காய்ந்திருக்கிறது.

குழாய்க்கு வைத்தியம் எளிது. ஏ.சி.யின் செம்புக் குழாய்க்கு மாட்டுவார்களே, அந்தக் கறுப்பு நுரை உறையை வாங்கிப் போடலாம். அதை அப்படியே வெயிலில் விட்டால் சீக்கிரம் பொடிந்துபோகும். மேலே ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

தொட்டி விஷயத்தில் நம் பழக்கமே எதிரி. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறோம். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் முடிந்து பத்து மணிக்குத் தொட்டியில் கால்வாசி மிஞ்சுகிறது. வெயில் ஏறும்போது அந்தக் கால்வாசிதான் காய்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிகூட ஏற்றாது. 300 லிட்டரைக் கிட்டத்தட்ட மூன்று டிகிரி ஏற்றிவிடும். எனவே வெயில் உச்சிக்கு வருமுன், பத்து மணி வாக்கில், சம்ப்பிலிருந்து இன்னொரு முறை தொட்டியை நிரப்பிவிடுங்கள். செலவில்லாத வழி இதுதான். அடுத்தது நிழல்: தொட்டியை ஒட்டாமல், காற்றுப் போக இடம்விட்டு ஒரு கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ போதும். கறுப்புத் தொட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பதும் பலன் தரும். ஈரச் சாக்கு சுற்றும் யோசனை மதுரை, திருச்சி போன்ற வறண்ட வெயிலுக்குச் சரி. கடற்காற்றின் புழுக்கத்தில் ஈரம் எளிதில் காயாது என்பதால் சென்னையில் அவ்வளவு எடுபடாது.

இனி ஹீட்டர். 15 லிட்டர் கொள்ளளவு, 2,000 வாட் ஹீட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 16 நிமிடம் எடுக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். தண்ணீர் சுடாமலேயே ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்தால் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்திருக்கலாம், அது பழுதாகியிருக்கலாம், அல்லது உள்ளே உப்பு படிந்திருக்கலாம். போர் தண்ணீர் வீடுகளில் காயிலின் மேல் சுண்ணாம்பு ஓடுபோலப் படிந்து, ஹீட்டர் ஓடும்போது சோளம் பொரிவதுபோலச் சத்தம் கேட்கும். திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்துவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் சூடு ஏறவில்லையா? காயிலைக் குறை சொல்லுமுன் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் 2,000 வாட் ஹீட்டர் 1,200 வாட்டுக்குத்தான் வேலை செய்யும். 16 நிமிட வேலைக்கு 26 நிமிடம் ஆகும். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்திருப்பவர்களின் புகார் பெரும்பாலும் புகாரே அல்ல. 3,000 வாட்டில் 20 டிகிரி ஏற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்தான் வரும். குழாயைச் சிறிதாகத் திறங்கள், சுடும்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. குளியலறையைப் புதுப்பித்த பிறகு முதல் இரண்டு குவளை சுடும், அப்புறம் வெதுவெதுப்பு. ஹீட்டரைத் திட்டினோம், காயிலைக்கூட மாற்றினோம். கடைசியில் பார்த்தால் இரண்டு ஹோஸும் இடம் மாறியிருந்தன. பச்சைத் தண்ணீர் நீல வளையம் உள்ள வாயில் நுழைந்து அடியில் விழ வேண்டும். மேலே நிற்கும் வெந்நீர் சிவப்பு வளையம் வழியாக வெளியேற வேண்டும். மாற்றி மாட்டினால் பச்சைத் தண்ணீர் மேலிருந்து கொட்டி வெந்நீரைக் கெடுத்துவிடும். நிமிர்ந்து பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. காயில் காசு தண்டம்.

இன்னொரு கள்ளன் மிக்ஸர். அதில் வெந்நீர், தண்ணீர் இரண்டு திருகையும் திறந்தபடி விட்டு, ஷவர் கைப்பிடியில் மட்டும் தண்ணீரை நிறுத்தினால், இரண்டு லைனும் உள்ளே கலந்துவிடும். ஒரு அறையில் செய்த தவறுக்கு இன்னொரு அறையில் வெந்நீர் ஆறிப்போகும். கண்டுபிடிக்க, ஹீட்டர் ஸ்விட்சை அணைத்து, அதற்குத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வீட்டில் ஏதோ ஒரு மிக்ஸர் வழியே பச்சைத் தண்ணீர் நுழைகிறது. பயன்படுத்தாதபோது மிக்ஸரின் இரண்டு திருகையும் மூடும் பழக்கம் போதும்; மறப்பவர்கள் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுக்கொள்ளலாம்.

சோலார் வைத்திருப்பவர்கள் காலையில் முதலில் வரும் தண்ணீரைப் பார்த்துப் பதற வேண்டாம். முக்கால் அங்குலக் குழாய் 25 மீட்டர் இறங்கி வந்தால் அதில் 8 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். அதைச் செடிக்கோ துணிக்கோ பிடித்து வையுங்கள். ஆனால் வெயில் காய்ந்த நாளின் மாலையில் அதே குழாயை நம்பக் கூடாது. 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளின் தோல் இன்னும் மெல்லியது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர்.

இவ்வளவும் நீங்களே பார்க்கலாம். ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள்: ஹீட்டர் ஓடும்போது குழாயிலோ தண்ணீரிலோ சுருக்கென்று மின்சாரம் தெரிந்தால், ஈரக் கையோடு சுவிட்சைத் தேடாமல் வெளியே வந்து, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை அடுப்பு வெந்நீரே போதும்.