வக்கீல்களுக்கு வகுப்பு எடுப்பது யார்?

1985-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆந்தணி ரே ஹிண்டன் என்பவரைக் கைது செய்தார்கள். பர்மிங்ஹாம் பக்கத்தில் இரண்டு துரித உணவகங்களில் கொள்ளை, இரண்டு மேலாளர்கள் சுட்டுக் கொலை. அந்த இரண்டு கொலைகளுக்கும் நேரில் பார்த்த சாட்சி இல்லை, கைரேகை இல்லை. மூன்றாவது ஒரு கொள்ளையில் உயிர் பிழைத்தவர் ஹிண்டனை அடையாளம் காட்டினார். ஹிண்டனின் அம்மாவிடம் இருந்த பழைய ரிவால்வரை எடுத்துக்கொண்டு போய், ஆறு தோட்டாக்களும் இதிலிருந்து வந்தவைதான் என்றார்கள் அரசுத் தரப்பு நிபுணர்கள். வழக்கே அந்த ஒரு ஆணியில்தான் தொங்கியது.

அப்படியென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நல்ல துப்பாக்கி நிபுணர் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது. ஹிண்டனிடம் காசு இல்லை, அரசு நியமித்த வக்கீல். நிபுணருக்குப் பணம் கேட்டார். ஒரு வழக்குக்கு 500 டாலர்தான் உச்சவரம்பு என்று நினைத்த நீதிபதி, இரண்டு வழக்குக்கும் சேர்த்து 1,000 டாலர் அனுமதித்தார். அதற்கு மேல் தேவைப்பட்டால் மனு போடுங்கள், பார்க்கலாம் என்றும் சொன்னார். வக்கீல் போடவில்லை. சட்டம் அவ்வளவுதான் தரும் என்று அவரும் நம்பினார். அந்தக் காசுக்கு வரச் சம்மதித்தவர் ஒரே ஒரு ஆள். அவருக்கு ஒரு கண்தான். ஒப்பீட்டு நுண்ணோக்கியைச் சரியாகப் பயன்படுத்தவும் தெரியவில்லை. இவர் போதாது என்று வக்கீலுக்கே தெரியும், ஆனால் வேறு வழியில்லை என்று நினைத்தார். குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் அந்த நிபுணரைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஹிண்டனுக்கு மரண தண்டனை.

விஷயம் என்னவென்றால், 500 டாலர் உச்சவரம்பு என்ற சட்டமே அப்போது இல்லை. 1984 ஜூனிலேயே அதைத் திருத்தி, நியாயமாக ஆகும் செலவு எவ்வளவோ அவ்வளவும் தரலாம் என்று மாற்றியிருந்தார்கள். ஹிண்டன் கைதாவதற்கு ஒரு வருஷம் முன்பே! வக்கீலுக்குத் தெரியவில்லை. நீதிபதிக்கும் தெரியவில்லை. 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது வக்கீலின் தரக்குறைவான செயல்பாடுதான் என்று தீர்ப்பளித்தது. அரசின் புதிய நிபுணர்களாலும் தோட்டாக்களை அந்தத் துப்பாக்கியோடு பொருத்த முடியவில்லை. 2015 ஏப்ரல் 3 அன்று ஹிண்டன் வெளியே வந்தார். சிறைக்குள் போய் கிட்டத்தட்ட 30 வருஷம் ஆகியிருந்தது.

தொழில் செய்கிற வக்கீல்களுக்கான 'தொடர் சட்டக் கல்வி' என்ற விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, இந்த வழக்கைத் தாண்டி எனக்கு வேறெதுவும் முதலில் மனசில் நிற்கவில்லை. சட்டக் கல்லூரியில் படிப்பது அந்த வருஷத்துச் சட்டம். தொழில் நடப்பது அடுத்த 40 வருஷம். நடுவில் சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். அதை யார் சொல்லித் தருவது?

அமெரிக்காவில் இதற்கு முதலில் தன்னார்வ வகுப்புகள்தான் இருந்தன. நியூயார்க்கில் 1933-ல் தொடங்கிய பிராக்டிசிங் லா இன்ஸ்டிட்யூட் அந்த வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வக்கீல்கள், தாங்கள் இல்லாத வருஷங்களில் வரிச் சட்டம் முதற்கொண்டு எல்லாம் மாறிப்போனதைப் பார்த்தார்கள். 1947-ல் அமெரிக்க வக்கீல் சங்கமும் அமெரிக்கன் லா இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து தேசிய அளவில் வகுப்புகளை ஆரம்பித்தன. விரும்பினால் போகலாம், இல்லாவிட்டால் விடலாம்.

கட்டாயமாக்கும் பேச்சு 1970-களில் வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி வாரன் பர்கர் 1973-ல் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை ஆற்றினார். பெரிய வழக்குகளில் ஆஜராகும் வக்கீல்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை அதற்குத் தகுதியானவர்கள் இல்லை என்று போட்டு உடைத்தார். முறையாக எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை, அவருடைய மதிப்பீடு. ஆனாலும் தலைமை நீதிபதி வாயிலிருந்து வந்ததால் வக்கீல் உலகம் ஆடிப்போனது. கூடவே வாட்டர்கேட் ஊழல், அதில் மாட்டியவர்களில் ஏகப்பட்ட பேர் சட்டம் படித்தவர்கள். 1975-ல் மினசோட்டாவும் அயோவாவும் கட்டாயத் தொடர் கல்வியைக் கொண்டுவந்தன. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. இன்றைக்கு மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிச்சிகன், தெற்கு டகோட்டா என்ற நான்கைத் தவிர எல்லா மாநிலங்களிலும் கட்டாயம்தான்.

நடைமுறை எப்படி? கணக்கு மணி நேரத்தில். கலிஃபோர்னியாவில் மூன்று வருஷத்துக்கு 25 மணி நேரம், நியூயார்க்கில் இரண்டு வருஷத்துக்கு 24. புதிதாக வந்த வக்கீல் என்றால் நியூயார்க்கில் முதல் இரண்டு வருஷத்தில் 32. இதிலும் நுணுக்கம் உண்டு. நியூயார்க்கில் 'ஒரு மணி நேரம்' என்றால் 50 நிமிஷம், கலிஃபோர்னியாவில் 60. தொழில் நெறி, பாரபட்சம் தவிர்த்தல் போன்ற சில தலைப்புகளுக்குத் தனி ஒதுக்கீடு. ஃபுளோரிடா 2017 முதல் தொழில்நுட்ப வகுப்பைக் கட்டாயமாக்கியது. நியூயார்க் 2023 ஜூலை முதல் சைபர் பாதுகாப்புக்கு ஒரு மணி நேரம் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் கடைசிப் பெயரின் முதல் எழுத்தை வைத்து மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வருஷம் கெடு. (நம்மூர்க்காரர் அங்கே போய் வக்கீலானால் பெரும்பாலும் அப்பா பேரை வைத்துத்தான் கெடு வரும்.)

முடிக்காவிட்டால்? முதலில் நோட்டீஸ், அபராதம். அப்புறமும் அசையாவிட்டால் உரிமம் நிறுத்திவைப்பு. அதாவது கோர்ட்டில் ஆஜராக முடியாது. அதனால்தான் கெடு நெருங்கும் வாரத்தில் ஆன்லைன் வகுப்புகளில் கூட்டம் அலைமோதும். வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள் என்பது நடத்துபவர்களுக்கும் தெரியும். அதனால் நடுநடுவே ஒரு ரகசியக் குறியீட்டைச் சொல்வார்கள், அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் கிரெடிட். படித்துப் பட்டம் வாங்கி, தேர்வெழுதி, கறுப்புக் கோட்டு போட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு! சிரிப்பாக இருந்தாலும், வகுப்பில் உட்கார்ந்ததைத்தான் இந்த முறை அளக்கிறது, கற்றுக்கொண்டதை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இங்கிலாந்தில் இதே சலிப்பில் வேறு முடிவு எடுத்தார்கள். அங்கே சொலிசிட்டர்கள் வருஷத்துக்கு 16 மணி நேரம் முடிக்க வேண்டும் என்று இருந்தது. 2016 நவம்பரில் அந்த மணிக்கணக்கையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே பரிசீலித்து, எங்கே குறை என்று பார்த்து, அதற்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டேன் என்று வருஷா வருஷம் உறுதிமொழி தர வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஹிண்டனின் வக்கீலுக்கு இதை வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. தனக்குத் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாதே? அவரைத் தன் குறையைத் தானே பரிசீலிக்கச் சொன்னால் துப்பாக்கி நிபுணர் கட்டணத்தையா போய்த் தேடியிருப்பார்? 'இந்த வருஷம் மாறியவை' என்று ஒருவர் வரிசையாக வாசித்து, இவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டிருந்தால்கூட காதில் விழ ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். மணிக்கணக்கு முறை முட்டாள்தனமானது, ஆனாலும் அதை முழுசாகத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை என்றால் காரணம் இதுதான்.

இன்னொரு வகை அறியாமையும் உண்டு. தன் துறைச் சட்டம் நன்றாகத் தெரியும், பக்கத்துத் துறை தெரியாது. ஹோசே படீயா என்பவர் ஹோண்டுராஸில் பிறந்தவர், அமெரிக்காவில் சட்டப்படி 40 வருஷத்துக்கு மேல் வசித்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை மட்டும் வாங்கவில்லை. கென்டக்கியில் அவருடைய லாரியில் கஞ்சா பிடிபட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா, நாடு கடத்திவிடுவார்களா என்று வக்கீலிடம் கேட்டார். இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார் வக்கீல். ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்துக்கு நாடு கடத்தல் அநேகமாகக் கட்டாயம் என்று குடியேற்றச் சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு வக்கீல் குடியேற்ற விளைவையும் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கப்புறம் குற்றவியல் வக்கீல்களுக்கான வகுப்புகளில் குடியேற்றச் சட்டம் நிரந்தரப் பாடமாகிவிட்டது. கிரீன் கார்டோடு அங்கே இருக்கும் நம்மவர்கள் சின்ன வழக்கில் மாட்டினாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஏஐ சமாசாரமும் இதில் சேர்ந்துவிட்டது. 2023-ல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை வக்கீல்கள் மனுவில் மேற்கோள் காட்டி மாட்டினார்கள். 5,000 டாலர் அபராதம். அவர்களுடைய அலுவலகம் ஏற்கெனவே தொழில்நுட்பம் பற்றி வகுப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டதால், தனியாக வகுப்புக்குப் போகச் சொல்லவில்லை நீதிபதி.

சரி, நம்ம ஊர்?

இந்தியாவில் தொழில் செய்யும் வக்கீலுக்குக் கட்டாயத் தொடர் கல்வி கிடையாது. 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம், கருத்தரங்கும் சட்டப் பேச்சும் நடத்துவதை மாநில பார் கவுன்சில்களின் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறது. போய் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. அகில இந்திய பார் தேர்வு 2011-ல் வந்தது, தொழிலின் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். டாக்டர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள் சொன்னன. நீதிபதிகளுக்கு போபாலில் தேசிய அகாடமி, சென்னையில் மாநில அகாடமி. நடுவில் வக்கீல் மட்டும் தனியாக நிற்கிறார்.

ஆர்வம் இல்லாத மரபு என்று சொல்லிவிட முடியாது. மயிலாப்பூரில் சனிக்கிழமைகளில் கூடிப் புதுத் தீர்ப்புகளை அலசிய வக்கீல்களின் குழுவிலிருந்துதான் 1891-ல் மெட்ராஸ் லா ஜர்னல் பிறந்தது. யாரும் கிரெடிட் கொடுக்கவில்லை. ஆனால் அது உயர் நீதிமன்ற வக்கீல்களின் மேல்தட்டு. தாலுகா கோர்ட்டில் தினம் பத்து வாய்தா பார்க்கிற ஜூனியருக்கு சீனியரும் குமாஸ்தாவும் சொல்வதுதான் கல்வி. சீனியருக்கே தெரியாவிட்டால் ஜூனியருக்கும் தெரியாது.

2024 ஜூலை 1 அன்று இது பெரிய அளவில் சோதனைக்கு வந்தது. ஒரே நாளில் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ வந்தன. 302 என்றால் கொலை, 420 என்றால் ஏமாற்று என்று சினிமா பார்த்த குழந்தைக்கும் தெரியும். இப்போது கொலைக்குத் தண்டனை 103, ஏமாற்றுக்கு 318. ஊரடங்குக்கு '144 போட்டுட்டாங்க' என்போம். அது இப்போது 163. புதுச் சட்டத்தில் 144 என்பது மனைவி ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு! பழைய 482-ல் எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போவார்கள். புது 482 முன்ஜாமீன். ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டு எண்களும் தலையில் இருக்க வேண்டும்.

இதற்கு வக்கீல்கள் பெரும்பாலும் நம்பியது வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒப்பீட்டு அட்டவணைகளை. இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது எண். எண் மாறியதற்கு அட்டவணை போதும். உள்ளடக்கம் மாறிய இடத்தில்தான் ஆபத்து. மின்னணுச் சாட்சியத்துக்கான 65பி சான்றிதழ் இப்போது பிரிவு 63. அட்டவணை அதைச் சொல்லும். ஆனால் புதுச் சான்றிதழுக்குச் சட்டத்திலேயே படிவம் உண்டு, அதில் இரண்டு பாகம், ஒன்றை நிபுணர் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். பழைய படிவத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

ரிமாண்ட் இன்னும் சிக்கல். பழைய 167, புதிய 187. பழைய சட்டத்தில் போலீஸ் காவல் என்பது முதல் ரிமாண்டிலிருந்து 15 நாளுக்குள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1992-ல் சொன்னது பல வருஷம் நிலைத்திருந்தது. புதிய சட்டத்தில் அதே 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வாசகம் இருக்கிறது. கைதாகி மூன்று வாரம் ஆன ஒருவரின் வீட்டார், திரும்பவும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா சார் என்று கேட்பார்கள். 15 நாள் முடிஞ்சிருச்சும்மா, இனிமே அவங்களால கேட்கவே முடியாது என்று ஒரு வக்கீல் பழைய ஞாபகத்தில் சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் போலீஸ் மனுவோடு வந்து நிற்கும்போது அவர் கையில் வாதம் எதுவும் இருக்காது.